பொது ஜெபத்தில் சூடான்: என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பாளைக்காரி

எங்கள் சபையின் பொது ஜெபத்தில் எல்லாம் வரும். மழை வரும், பிளஸ் டூ பரீட்சை வரும், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். உலகம் என்றால் உக்ரைனும் காசாவும் சில வாரங்கள் பெயரோடு வந்தன. சூடான் வந்து நான் கேட்டதில்லை. அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறுக்கு ஜெபம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2023 ஏப்ரல் 15 அன்று சூடானின் தலைநகர் கார்ட்டூமில் சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் ஜெனரல் புர்ஹானின் ராணுவம். மறு பக்கம் ஹெமெட்டி என்கிற முகமது ஹம்தான் தகாலோவின் ஆர்.எஸ்.எஃப் துணை ராணுவம். 2021-ல் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பிறகு நீயா நானா என்று மோதிக்கொண்டு நாட்டையே எரிக்கிறார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வடக்கு டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப் அந்த முகாமையே அடித்து நொறுக்கியது. பக்கத்து நகரமான எல் ஃபாஷர் 500 நாளுக்கு மேல் முற்றுகையில் கிடந்து, 2025 அக்டோபர் 26 அன்று அவர்கள் கையில் விழுந்தது. அங்கே சவுதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

"சூடான் தேசத்துக்குச் சமாதானம் தாரும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. அதற்கு மேல் என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. உங்கள் சபையில், பங்கில் யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

தம்பி2001

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கர்த்தருக்கு எல்லாம் தெரியும். ஊர் பேர், தேதி, ஜெனரல் பேரெல்லாம் சொல்லி ஜெபம் பண்ணினால் அது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்காதா? "துன்பப்படுகிற எல்லா ஜனங்களையும் நினைத்தருளும்" என்றால் சூடானும் அதில் அடக்கம்தானே.

ஓய்வு உபதேசியார்

தம்பி, அவருக்குத் தெரியும் என்பது சரி. உங்கள் சபைக்குத் தெரியுமா? பொது ஜெபம் சபையார் காதிலும் விழுகிறது. "எல்லா ஜனங்களும்" என்று சொல்லும்போது யார் முகமும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கிறபோது மட்டும் வார்டு எண் வரைக்கும் சொல்லுகிறோம் அல்லவா?

எரேமியா 38-ஐ எடுத்து வாசியுங்கள். தீர்க்கதரிசியைத் துரவில் இறக்கிவிட்டார்கள், சேற்றில் கிடக்கிறார். எருசலேமில் இத்தனை பேர் இருக்க, ராஜாவிடம் போய்ப் பேசியவன் எபெத்மெலேக் என்ற கூஷ் தேசத்தான். கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கே நைல் நதிக்கரை, இன்றைய சூடான் பகுதி. அவன் பேசியதோடு நிற்கவில்லை. அரண்மனைக் கிடங்குக்குப் போய்ப் பழந்துணிகளைப் பொறுக்கி எடுத்துக் கயிற்றோடு இறக்குகிறான். கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் அந்தத் துணியை வைத்துக்கொள்ளும் என்று சொல்லுகிறான். எனக்கு அந்த அதிகாரத்தில் பிடித்த இடமே அந்தப் பழந்துணிதான். மேலே நின்றபடியே, கீழே கிடக்கிறவனுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்திருக்கிறான். ஜெபம் எழுதுகிறவர்களும் அந்த அளவுக்காவது யோசிக்கலாம்.

அப்போஸ்தலர் 8-ல் இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு வந்த மந்திரியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கந்தாகே ராணியின் மெரோவே ராஜ்யம் இருந்தது கார்ட்டூமுக்கு வடக்கே. வேதத்தில் பழக்கமான ஊரைத்தான் நாம் "எங்கேயோ ஆப்பிரிக்காவில்" என்கிறோம்.

காவலன்77

கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். அங்கே அடித்துக்கொள்கிற இரண்டு கூட்டமும் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்கள் அதிகமாக இருந்த தெற்குப் பகுதி 2011-லேயே பிரிந்து தனி நாடாகிவிட்டது. நைஜீரியாவில் நம் ஜனங்கள் சாகிறார்கள். இங்கே மணிப்பூரில் எத்தனை ஆலயம் எரிந்தது? அதற்கே ஒழுங்காக ஜெபிக்காத சபை சூடானுக்கு ஜெபிக்கப் போகிறதாக்கும். விசுவாச வீட்டாருக்கு முதலில் என்று கலாத்தியரில் இருக்கிறது.

நீலநதி

காவலன், நான் கார்ட்டூம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். 2023-ல் இந்திய அரசு நம் ஆட்களை மீட்ட ஆபரேஷன் காவேரியில் ஊர் வந்து சேர்ந்த 3,800-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவன். நீங்கள் "இரண்டு கூட்டம்" என்று சொன்னதில் நான் அங்கே பழகிய ஒருவரும் இல்லை. அவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு மரத்தடியில் பெரிய மண்பானைகள் இருக்கும். ஸீர் என்பார்கள். இரும்புச் சட்டத்தில் இரண்டு மூன்று பானை, மேலே மூடி, பக்கத்தில் ஒரு தகரக் குவளை. வழியில் போகிற யாரும் எடுத்துக் குடிக்கலாம், சாதி மதம் கேட்க ஆள் கிடையாது. பானையில் கசிந்து சொட்டுகிற தண்ணீரைக் குடிக்கக் கீழே பூனை காத்திருக்கும். சண்டை தொடங்கிக் குழாயில் தண்ணீர் நின்ற பிறகும் எங்கள் தெருப் பானையில் தண்ணீர் இருந்தது. அடுத்த வீட்டு மெக்கானிக் கழுதை வண்டிக்காரனிடம் காசு கொடுத்து வாங்கி ஊற்றினார். அவர் ஐந்து வேளை தொழுகிற மனிதர். வெளியே குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எங்களுக்கும் ஃபூல் (அங்கத்திய அவரை மசியல், காலைச் சாப்பாடே அதுதான்) ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். போர்ட் சூடானுக்கு 800 கி.மீ.க்கு மேல். அந்த பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரித்து எங்களைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டது அவருடைய தம்பி. எங்களுக்கு ஜித்தா போகக் கப்பல் வந்தது. அவர்களுக்கு யார் கப்பல் அனுப்புவது?

நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த மதம் என்று இயேசு சொல்லவே இல்லை. உதவி செய்தவனைத்தான் சமாரியன் என்று, அதாவது வேற்று ஆள் என்று, சொன்னார். எனக்கு அந்தக் கதை கார்ட்டூமில் அப்படியே நடந்தது.

காவலன்77

சரி அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணிப்பூர் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பாளைக்காரி

நிற்கட்டும், அது நியாயமான கேள்வி. சூடான் போர் தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள், மே 3-ல் மணிப்பூர் பற்றி எரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில்தான் மறந்தோம். ஒன்றை நினைப்பதால் இன்னொன்று விட்டுப்போகும் என்று நான் நினைக்கவில்லை. பொது ஜெபத்தில் இடமில்லை என்றால் அறிவிப்பு நேரத்தைக் குறைக்கட்டும்.

அன்பியம்_தூத்துக்குடி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்கள் விசுவாசிகள் மன்றாட்டில் திருத்தந்தையின் வேண்டுகோளை ஒட்டிச் சூடான் வந்தது. 2025 நவம்பர் 2 மூவேளை செபத்தின்போது திருத்தந்தை லியோ எல் ஃபாஷரைப் பெயர் சொல்லி, போர்நிறுத்தத்துக்கும் உதவி போக வழி திறக்கவும் கேட்டார். அடுத்த வாரம் எங்கள் பங்கில் அது மறந்தும் போய்விட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிறிஸ்தவர்களே அங்கே இல்லை என்பது போலப் பேசுவதும் சரியில்லை. எண்ணிக்கையில் சிறுபான்மை, ஆனால் இருக்கிறார்கள். போர் தொடங்கிய வாரமே கார்ட்டூமின் ஆங்கிலிக்கன் பேராலய வளாகத்துக்குள் ஆர்.எஸ்.எஃப் புகுந்துகொண்டது. பேராயர் எசெக்கியேல் கோண்டோ குடும்பத்தோடு போர்ட் சூடான் போக வேண்டியதாயிற்று. ஓம்துர்மானில் காப்டிக் கோயிலுக்குள் புகுந்து சுட்டார்கள். எல் ஃபாஷரில் மக்களோடு தங்கியிருந்த பங்குத்தந்தை லூகா ஜோமோ 2025 ஜூனில் குண்டடிபட்டு இறந்தார். நூபா மலையில் கிடெல் என்ற ஊரில் இரக்கத்தின் அன்னை மருத்துவமனை இருக்கிறது. டாம் கடேனா என்ற அமெரிக்க மருத்துவர் 2008 முதல் அங்கே மக்களோடு மக்களாக இருந்து வைத்தியம் பார்க்கிறார். அங்கே வருகிறவர்களில் கிறிஸ்தவர், முஸ்லிம், பழைய வழிபாட்டுக்காரர் எல்லாரும் உண்டு.

நாம் பீடத்தில் வைத்து வணங்கும் புனித ஜோசஃபின் பக்கீத்தா டார்ஃபூரில் பிறந்தவர், 1869 வாக்கில். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கடத்தப்பட்டு எல் ஒபெய்த் சந்தையில் விற்கப்பட்டார். ஒரு வீட்டில் உடம்பெல்லாம் கீறி, கீறிய இடத்தில் உப்பைத் தேய்த்தார்கள். பட்ட அதிர்ச்சியில் அப்பா அம்மா வைத்த பெயரே அவருக்கு மறந்துபோயிற்று. பிறகு இத்தாலி போய், 1890-ல் வெனிஸில் ஞானஸ்நானம் பெற்று, கனோசியன் சகோதரியாக ஸ்கியோ நகரின் மடத்தில் சமையலும் வாசல் வேலையுமாக வாழ்ந்து, 1947-ல் இறந்தார். 2000-ல் புனிதராக அறிவித்தார்கள். அவர் பிறந்த மண்ணிலும் விற்கப்பட்ட ஊர்ப் பக்கத்திலும்தான் இன்றைக்கும் பெண்பிள்ளைகளை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். அவருடைய திருநாள் பிப்ரவரி 8. 2026-ல் அது ஞாயிற்றுக்கிழமை. சி.எஸ்.ஐ.காரர்களும் சேர்ந்துகொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் :)

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. ஆனால் யாக்கோபு 2 என்ன சொல்கிறது? துணியில்லாமல் சாப்பாடில்லாமல் நிற்கிறவனைப் பார்த்து "சமாதானமாகப் போய் வா" என்று வாயால் அனுப்பிவிட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். நமக்கு ஜெபம் சில நேரம் கைகழுவும் தண்ணீராக ஆகிவிடுகிறது. ஜெபித்தாயிற்று, இனி அவர் பாடு.

எல் ஃபாஷரில் முற்றுகையின் கடைசி மாதங்களில் ஜனங்கள் அம்பாஸ் தின்றார்கள் என்று படித்தீர்களா? அது வேறொன்றும் இல்லை. செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற கடலைப் புண்ணாக்கு. நம் ஊரில் தொட்டியில் ஊறவைத்து மாட்டுக்கு வைப்போமே, அதேதான். அதைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு அதுவும் கிடைக்கவில்லை. ஊரைச் சுற்றி ஆர்.எஸ்.எஃப் 30 கி.மீ.க்கு மேல் மண்கரை எழுப்பியிருந்தது, யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செயற்கைக்கோள் படத்தில் அளந்து சொன்னார்கள். மூட்டை தூக்கிக்கொண்டு கரையைத் தாண்டினவர்களைச் சுட்டார்கள்.

இதற்கு நடுவே பசியாற்றியது யார்? பெரிய வெள்ளைக்கார அமைப்புகளா? பெரும்பாலும் இல்லை. உள்ளூர்ப் பையன்களும் பெண்களும் நடத்திய தகாயா என்ற பொதுச் சமையற்கூடங்கள். பெரிய அண்டா, விறகு, பருப்பும் சோளமும். 2018-19 புரட்சியில் தெருவில் நின்ற அதே இளைஞர்கள்தான் போர் வந்ததும் பேட்டைக்கு ஒரு அவசர உதவிக் குழு ஆரம்பித்தார்கள். 2025-ல் ரைட் லைவ்லிஹுட் விருது அந்தக் குழுக்களுக்குத்தான். அதே வருஷத் தொடக்கத்தில் அமெரிக்கா யு.எஸ்.எய்டு பணத்தை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. 2025-க்கு ஐ.நா. சூடானுக்காகக் கேட்ட தொகை சுமார் 420 கோடி டாலர், அதில் பாதி கூட வரவில்லை.

தம்பி2001

அப்போ பணம் எப்படி அனுப்புறது அண்ணே? சபைக் கணக்கிலிருந்து அனுப்பலாமா?

கணக்குப்பிள்ளை

சபைக் கணக்கை இதில் இழுக்காதே. இங்கே பதிவான அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும், முன் அனுமதி வேண்டும். தனித்தனி ஆளாகக் கொடுப்பதுதான் சுலபம். உலக உணவுத் திட்டத்தின் 'ஷேர் தி மீல்' செயலி இருக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தவீலாவில் வேலை செய்கிறது. எல் ஃபாஷரிலிருந்து தப்பியவர்கள் நடந்து போய்ச் சேர்ந்தது அந்த ஊருக்குத்தான், சுமார் 60 கி.மீ. அகதிகள் ஆணையத்துக்கும் இந்தியாவிலிருந்தே கொடுக்கலாம். வாட்ஸப்பில் வரும் க்யூஆர் கோடு எதற்கும் அனுப்பாதே. அழுகிற குழந்தை படம் போட்டு ஒரு கூட்டமே வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறது.

முல்லைமணல்

நான் வன்னியில் இருந்தனான், இப்ப கனடாவில். இந்த இழையை நேற்று முழுக்க வாசித்தனான்.

2009-ல் எங்கட சனம் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது உலகத்தில் எந்தத் தேவாலயத்தில் எங்கட பேர் சொல்லி மன்றாடினவை என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, மின்சாரமே இல்லை. ஆனால் எங்களோடு கடைசி மட்டும் நின்ற குருமார் இருந்தார்கள். வெளியேறச் சந்தர்ப்பம் இருந்தும் நின்றவர்கள். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் மே மாதத்தில் சனத்தோடு சரணடைந்தவர், இன்று வரை வரவில்லை. பிறகு இங்கே வந்த பின், ஒரு வயசான வெள்ளைக்காரப் பெண்மணி தன்ர கோயில் செபப் புத்தகத்தைக் காட்டினா. அந்த மாதங்களில் பென்சிலால் "வன்னி" என்று எழுதி வைத்திருந்தவ. எழுத்துப் பிழையோடுதான். அதால எங்களுக்கு ஒரு குண்டும் குறையவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்த அண்டைக்கு நான் நல்லா நித்திரை கொண்டனான்.

எழுதுங்கோ. ஊர்ப் பேரை எழுதுங்கோ.

வேம்படி

ஒருவரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. தங்கம். சூடானில் தோண்டுகிற தங்கத்தில் பெரும்பகுதி ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்குப் போகிறது. இரண்டு தரப்பும் அதை விற்றுத்தான் சண்டை போடுகின்றன. எமிரேட்ஸிலிருந்து ஆர்.எஸ்.எஃப்-க்கு ஆயுதம் போவதாகச் சொல்லப்படுவது நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024-ல் எழுதியது. அந்த அரசு மறுக்கிறது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு எங்கிருந்து நகை வருகிறது? துபாயில் வாங்கினால் சுத்தம், செய்கூலி மலிவு என்று பெருமையாகச் சொல்வோம். அந்தச் சங்கிலி எங்கே தோண்டியது என்று யாருக்குத் தெரியும்? பொது ஜெபத்தில் பாவ அறிக்கை என்று ஒரு பகுதி உண்டு. அதில் இது வர வேண்டும்.

துறைமுகம்

என் மகன் அபுதாபியில் இருக்கிறான். எங்கள் சபையில் நாலில் ஒரு வீடு வளைகுடாப் பணத்தில் நிற்கிறது. நீங்கள் சொல்கிறதை அப்படியே பலிபீடத்துக்கு முன்னால் வாசித்தால் மறு வாரம் கமிட்டியில் பிரச்சினை வரும். அந்தப் பிள்ளைகள் வயிற்றுப்பிழைப்புக்குப் போனவர்கள். அவர்கள் மேல் பழி போடாதீர்கள்.

வேம்படி

பிள்ளைகள் மேல் யார் பழி போட்டது? வாங்குகிற நம்மைத்தான் சொன்னேன்.

நீலநதி

துறைமுகம் ஐயா, அபுதாபி, துபாயில் சூடான்காரர்களே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! உங்கள் மகனுக்கே ஒருவரைத் தெரிந்திருக்கும். வீட்டில் எல்லாரும் நலமா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அதுவே பெரிய காரியம்.

பாளைக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

"ஆண்டவரே, சூடான் தேசத்தை உமக்கு முன்பாகக் கொண்டுவருகிறோம். எல் ஃபாஷரிலிருந்து தவீலாவுக்கு நடந்துபோன குடும்பங்களை நினைத்தருளும். வழியில் தாயைத் தவறவிட்ட பிள்ளைகளைத் தேடிக் கொடும். கடுக்லியில் பசியோடு இருக்கிறவர்களிடம் உணவு லாரிகள் போய்ச் சேரட்டும். பொதுச் சமையற்கூடங்களில் அண்டா கிளறுகிற கைகளுக்கு நாளைக்கும் விறகும் பருப்பும் கொடும். கிடெல் மருத்துவமனையில் இன்று இரவு விழித்திருக்கிறவர்களுக்குப் பெலன் தாரும். இருளில் கிடக்கும் அந்த ஜனங்களுக்கு வெளிச்சத்தைக் காட்டும். ஆயுதம் ஏந்தியவர்களின் கையைத் தடுத்தருளும், அவர்கள் மனதையும் திருப்பும். அந்த மண்ணின் தங்கத்தை எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் அணிந்துகொள்ளுகிற எங்களை மன்னியும். பார்த்தும் கடந்துபோன எங்களை நிறுத்தும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்."

நீலநதி

"இருளில் கிடக்கும் அந்த ஜனங்கள்" வேண்டாம் அக்கா. எனக்குத் தண்ணீர் கொடுத்தவர் இருளில் கிடக்கவில்லை.

ஓய்வு உபதேசியார்

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு, மரித்தவர்களை அடக்கம் பண்ண முடியாமல் விட்டுவந்தவர்களுக்காக ஒரு வரி போடம்மா. எல் ஃபாஷரிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பாரம் இருக்கும். மற்றபடி நீளம் சரி. மூச்சு வாங்கி நிதானமாக வாசிக்க வேண்டும், லெக்டர்ன் முன்னால் நின்றாலே நம் ஆட்கள் ரயிலைப் பிடிக்கப் போகிற மாதிரி வாசிப்பார்கள்.

துறைமுகம்

தங்கம் வரி இருக்கட்டும். "எங்களை" என்று இருக்கிறதே, அதனால் ஆட்சேபணை இல்லை.

காவலன்77

மணிப்பூர்?

பாளைக்காரி

அடுத்த வாரம் மணிப்பூர், எழுதப் போவது நீங்கள். முகாமில் இன்னும் இருக்கிறவர்களைப் பற்றி விவரம் சேகரித்து வையுங்கள், குக்கி, மெய்தெய் இரண்டு தரப்பும் வர வேண்டும்.

உபதேசியார் ஐயா சொன்ன வரியைச் சேர்த்துவிட்டேன். இருள் வரி போயிற்று. மாதம் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளலாமா? ஜனவரிக்குக் கிழக்கு காங்கோ. அங்கே கோமா நகரம் எம்23 கிளர்ச்சிப் படை கையில் 2025 ஜனவரியில் விழுந்து அப்போது ஒரு வருஷம் ஆகும். பிப்ரவரி 8-க்கு மறுபடியும் சூடான், பக்கீத்தா திருநாளை அன்பியம் அக்கா பார்த்துக்கொள்வார். மார்ச்சுக்கு மியான்மரின் சின் மாநிலம் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

தம்பி2001

சின் மாநிலம் நான் எடுத்துக்கிறேன் அக்கா. எங்க ஹாஸ்டலில் மிசோரம் பையன் ஒருத்தன் இருக்கான், அவங்க ஊர்லதான் அந்த அகதிகள் தங்கியிருக்காங்க. அவனிடம் கேட்டு எழுதறேன்.

நீலநதி

ஒரே ஒரு விஷயம். தவீலா என்று 'வீ'யை நீட்டிச் சொல்ல வேண்டும். வாசிக்கப் போகிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.